நம் தீவுகளும் நிழற்படக் கலையும்

அந்தமான் வரலாற்றை எழுதப் புகுந்தோர் சிறைச்சாலையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர்; காட்டைப் பற்றியும், கப்பலைப் பற்றியும், ஜப்பானியர் ஆண்ட மூன்றாண்டுகளைப் பற்றியும் எழுதியுள்ளனர். காமிராவைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், 1858-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் ஹென்றி மான் என்னும் படைத்தலைவர் இங்கே ஆங்கிலேயர் கொடியை ஏற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே இத்தீவுகளின் கரையில் காமிரா இறங்கிவிட்டது. கைதிக்கு முன்பு, காவலனுக்கு முன்பு, பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த நம் பெற்றோர்க்கு நெடுங்காலம் முன்பு வந்தது அது. அதன் கதையை இம்மலரின் வாசகர்க்குச் சொல்ல விழைகின்றேன்.

நான் கலைஞன் அல்லன். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகக் காலம் கழிப்பவன். காமிரா என் ஞாயிற்றுக்கிழமைத் துணை. ஆனால் எதைப் படமெடுப்பது, எப்படி எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடி இருபத்தைந்து ஆண்டுகள் அலைந்தபோது, இத்தீவுகளில் எனக்கு முன் காமிரா பிடித்தவர்களே எனக்கு ஆசிரியர்களாக அமைந்தனர். நல்லாசிரியர்கள் என்று மட்டும் சொல்லமாட்டேன்.

1857-ஆம் ஆண்டுப் புரட்சியில் சிறைப்பட்டோரை எங்கே குடியேற்றுவது என்று ஆராய, மருத்துவர் மௌவட் தலைமையில் ஒரு குழுவைக் கல்கத்தாவிலிருந்து கம்பெனி அரசு அனுப்பியது. 'புளூட்டோ' என்னும் நீராவிக் கப்பலில் புறப்பட்ட அக்குழுவினருடன் ஆஸ்கார் மாலித் என்னும் நிழற்படக்காரரும் வந்தார். அக்காலத்தில் படமெடுப்பது இன்றுபோல் விரலால் தொடும் வேலையன்று. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைநீரைப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே இருட்டுக் கூடாரத்துக்குள் உருத்துலக்கவும் வேண்டும். நம் தீவுகளின் புழுக்கத்தில் ஒரு துணிக் கூடாரத்துக்குள் ஈதர் ஆவியைச் சுவாசித்துக்கொண்டு நின்ற அம்மனிதரை நினைத்தால் இரக்கம் தோன்றத்தான் செய்கிறது.

ஆனால் இரங்கத்தக்கவன் வேறொருவன் இருந்தான். அக்குழுவினர் கரையோரத்தில் தீவு மக்களுடன் மோதினர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அம்மோதலின் முடிவில் ஓர் இளைஞனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினர். மாலுமிகள் அவனுக்கு 'ஜாக்' என்று பெயரிட்டு உடை அணிவித்தனர். கல்கத்தாவில் ஊரே திரண்டு அவனை வேடிக்கை பார்த்தது. அங்கே அவனை நிழற்படமும் எடுத்தனர். பிறகு அவன் நோயுற்றான். பிழைக்கமாட்டான் என்று அஞ்சி, பிடித்த கரையிலேயே கொண்டுபோய் விட்டனர். அவனுடைய மெய்யான பெயர் என்னவென்று எவரும் எழுதிவைக்கவில்லை. படம் இருக்கிறது, பெயர் இல்லை. எழுத்தன் கண்ணுக்கு இது முதலில் பெருங்குறையாகப் படுகிறது.

அதே 1858-ஆம் ஆண்டில் நம் தாயகத்தில் நடந்ததொன்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக மதுரைக்கும் தஞ்சைக்கும் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாகப் பகுத்தெடுத்து, அவற்றை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். கல்லெழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது; ஆயினும் ஓரெழுத்தும் விடுபடக்கூடாது என்று அடியடியாக நகர்ந்து எடுத்திருக்கின்றார். ஒரே அரசு, ஒரே காலம், ஒரே வகைக் கருவி. ஆனால் கல்லுக்குக் கிடைத்த பொறுமை ஜாக்குக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வருபவர் கொடியேற்றிய மானின் மகன் எட்வர்டு ஹொரேஸ் மான். தீவுகளில் நெடுங்காலம் பணியாற்றி, அந்தமானியர் மொழியைக் கற்று, 1883-இல் அவர்களைப் பற்றிய பெரிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டவர். அவர் அமைத்த படம் ஒன்று எனக்கு எப்பொழுதும் புன்னகையை வரவழைக்கும். ஒரே சட்டத்துக்குள் ஒருவன் வில்லை வளைக்கிறான், ஒருவர் ஆடுகிறார், ஒருவர் உறங்குகிறார், நெடுநாள் பிரிந்த இருவர் கட்டித் தழுவி வரவேற்கின்றனர். இவை எங்கேனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்குமா? நம் வீட்டுத் திருமணப் படத்தில், பந்தியில் உண்பவரையும் தாலி கட்டுபவரையும் வெற்றிலை மடிப்பவரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்தது போலத்தான் அது. ஆனால் மானின் நோக்கம் தெளிவானது. தகடு விலையுயர்ந்தது; அறிவிக்க வேண்டிய செய்திகளோ பல. ஒரு தகட்டில் எவ்வளவு செய்தி கொள்ளுமோ அவ்வளவையும் நிரப்பினார். புதிதாகக் காமிரா வாங்கிய எவரும் செய்யும் பிழைதான். நானும் செய்திருக்கிறேன்.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமாக நிற்கும் மாரிஸ் விடால் போர்ட்மனிடம் வருவோம். 1860-இல் பிறந்த இவர், பிரபுக் குடும்பத்தவர். பதினாறு வயதில் இந்தியக் கடற்பணியில் சேர்ந்து, 1879-இல் பத்தொன்பது வயதில் அந்தமானியர்க்குப் பொறுப்பதிகாரியாக இங்கு வந்தார். மறுவருடமே வட சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியரையும் நான்கு சிறுவர்களையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். சில நாட்களில் முதியவர் இருவரும் நோயுற்று மாண்டனர். சிறுவர்களைப் பரிசுப் பொருள்களுடன் திருப்பி அனுப்பினார். அச்செயல் அத்தீவினரின் அச்சத்தையும் பகையையும் வளர்த்ததேயன்றி வேறு பயன் தரவில்லை என்று 1899-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவரே எழுதினார். தவறு செய்தவர் பலர். அதை அச்சில் ஏற்றியவர் சிலர். அதற்காக மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

1890-ஐ ஒட்டி அவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு ஒரு திட்டத்தை எழுதி அனுப்பினார். அந்தமானியர் குலம் மறைந்துகொண்டிருக்கிறது. அவர்களின் உருவம், தொழில், கருவி யாவற்றையும் நிழற்படத் தொகுதிகளாக்கித் தருகிறேன் என்பது அதன் சாரம். அருங்காட்சியகம் ஏற்றது, இந்திய அரசும் துணைநின்றது. பின்வந்த சில ஆண்டுகள் அவர் பெரிய தகட்டுக் காமிராக்களுடன் உழைத்தார்.

அக்காலத்தில் உலர்தகடு வந்துவிட்டது. ஈரக் கூடாரம் தேவையில்லை. எனினும் வெதுவெதுப்பான நீரில் தகட்டின் மேலுள்ள ஜெலட்டின் இளகி வழிந்துவிடும். படத்தை அவர் பதித்ததோ பிளாட்டினத் தாளில். பிளாட்டின உப்பும் இரும்பு உப்பும் பூசிய அத்தாளில் உருவம் பிளாட்டின உலோகமாகவே படியும். வெள்ளிப் படம் போல் வெளுத்துப் போகாது. ஆனால் அத்தாளுக்கு ஈரம் நஞ்சு. கால்சியம் குளோரைடு இட்டு மூடிய தகரக் குழாய்களில்தான் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஈரம் ஆகாத தாளைத் தேர்ந்தெடுத்தவர் எத்தகைய பிடிவாதக்காரராக இருந்திருப்பார் என்பதை, மழைக்காலத்தில் காமிராக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துத் தவித்த எவரும் அறிவர்.

அவருடைய படங்களை அடுக்கிப் பார்த்தால் மூன்று போர்ட்மன்கள் தென்படுகின்றனர்.

முதலாமவர் அளவுகோல்காரர். கறுப்பும் வெள்ளையுமாக இரண்டங்குலச் சதுரங்கள் வரைந்த பலகையின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்தி, முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுப்பவர். இம்முறைக்கு அவர் மட்டும் பொறுப்பாளி அல்லர். பட்டு நூலால் இரண்டங்குலச் சதுரங்கள் கட்டி அதன்முன் மனிதரை நிறுத்தும் வழக்கத்தை லாம்பிரே என்பவர் 1869-இலேயே லண்டனில் அறிமுகப்படுத்தியிருந்தார். அப்படங்களில் மனிதன் இல்லை. உயரமும் அகலமும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை என்னால் நெடுநேரம் பார்க்க இயலுவதில்லை.

இரண்டாமவர் அழகுக்காரர். இருண்ட பின்னணியில் தோளும் முகமும் மட்டும் ஒளிபெற, கிரேக்கச் சிலை செய்பவன் போல் உருவங்களை அமைப்பவர். மேனாட்டு ஓவியக் கூடங்களில் பயின்ற கண் அது. பார்ப்பதற்கு இனியவை. சதாத்ரு சென் முதலிய பிற்கால வரலாற்றறிஞர், அந்த அழகுக்குள்ளும் ஆள்வோன் கண் ஒளிந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளனர்.

மூன்றாமவரைத்தான் நான் என் ஆசிரியர் என்பேன். அவர் கைகளைப் படமெடுத்தவர். ஒரு வில்லோ வாய்ச்சியோ செய்யப்படும்போது, முதல் வெட்டிலிருந்து முடிவு வரை ஒவ்வொரு படியையும் தனித்தனித் தகட்டில் பதிந்தவர். மான் ஒரு தகட்டில் நான்கு செயல்களை அடைத்தார். போர்ட்மன் ஒரு செயலுக்குப் பல தகடுகளைச் செலவிட்டார். அதற்குள் அவர் இங்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. அம்மக்களின் மொழிகளைப் பற்றி 1887-இலேயே ஒரு கையேடு வெளியிட்டிருந்தார். அடுத்து எந்தக் கை எங்கே செல்லும் என்பதை அறிந்தவர்க்கே அத்தகைய வரிசை அமையும். கருவி செய்பவன் அங்கே காட்சிப்பொருளாக நிற்கவில்லை. தன் வேலையைப் பார்க்கிறான். காமிரா காத்திருக்கிறது.

1896-இல் லண்டன் ஆய்விதழ் ஒன்றில், மானிடவியலார் நிழற்படம் எடுக்கும் முறை பற்றிப் போர்ட்மன் ஒரு கட்டுரை எழுதினார். சதுரப் பலகை பற்றிய அறிவுரையும் அதில்தான் இருக்கிறது. அதனுடன், பொறுமை இழக்கலாகாது. மங்கலும் மழுப்பலுமான அழகுப் படங்களுக்கு இப்பணியில் இடமில்லை. பொருள் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்றும் வற்புறுத்துகிறார். அப்பொழுது லண்டன் கலைக்கூடங்களில் மங்கலான படமே கலை என்று ஒரு கட்சியினர் முழங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை ஏளனம் செய்யும் தொனியும் அதில் உண்டு. அழகுப் படத்தில் வல்ல அவரே அதை விலக்கச் சொன்னது வியப்புக்குரியது.

அக்கட்டுரை எழுதப்பட்டபோது அவர் படமெடுத்த முகங்கள் விரைந்து மறைந்துகொண்டிருந்தன. 1877-இல் பரவிய அம்மை நோய் மட்டுமே பலரைக் கொண்டுபோயிற்று. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர், 1931-இல் 90, 1961-இல் 19. இன்று ஸ்டிரெய்ட் தீவில் அவர் வழியினர் சில பத்துப் பேர் வாழ்கின்றனர். போ மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி போவா 2010 ஜனவரி 26-இல் காலமானார். போர்ட்மனின் தகடுகளில் ஒரு வில் எப்படி உருவாகிறது என்று காணலாம். அதைச் செய்தவன் செய்யும்போது என்ன பாடினான் என்று தகடு சொல்லாது.

என் கதை சிறிது. 1999-இல், எனக்கு இருபத்தொரு வயது. மாயாபந்தரிலிருந்து அந்தமான் நெடுஞ்சாலை வழியே பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜாரவா மக்கள் காட்டைவிட்டுச் சாலைக்கு வரத் தொடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்தது. ஒரு சிறுவன் சாலையோரம் நின்றான். பேருந்துக்குள்ளிருந்து யாரோ பிஸ்கட்டை எறிந்தனர். நான் கடனாக வாங்கி வந்த காமிராவை உயர்த்தி ஒரே ஒரு படம் எடுத்தேன். ஒளியும் குவியமும் குறையின்றி அமைந்தன; அவன் கண்ணின் ஈரம்கூடத் தெரியும். தொழில்நுட்பத்தில் அதைவிடச் சிறந்த படத்தை நான் இன்றுவரை எடுத்ததில்லை. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதி அப்பொழுதும் இருந்தது. 2012-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஜிர்காடாங் வாயிலில் காமிராவைப் பைக்குள் வைக்கச் சொல்லும் அறிவிப்பை இன்று நாம் எல்லாரும் அறிவோம். ஆனால் சட்டம் சொல்லி நான் உணரவில்லை. ஜாக்கைப் பற்றிப் படித்த அன்றுதான் பெட்டியைத் திறந்து அந்த நெகட்டிவை எடுத்துப் பார்த்தேன். அவன் பெயர் எனக்கும் தெரியாது. அப்படத்தை எவருக்கும் காட்டியதில்லை.

பிறகு அழகுக்காரனானேன். 2003-இல் அலுவல் நிமித்தம் கச்சால் தீவுக்குச் சென்றேன். புத்தாயிரத்தின் முதற் கதிரவன் உதிக்கும் தீவு என்று சில ஆண்டுகளுக்கு முன்பு விளம்பரம் செய்யப்பட்ட கச்சால். இலங்கையிலிருந்து 1970-களில் திரும்பிய நம்மவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வடித்த கச்சால். நான் எடுத்தவை எல்லாம் அந்தி வானம், தென்னை, கடலோரம் நடக்கும் கரிய உருவங்கள். தோட்டத்துப் பெண்கள் சிலர் தலைச்சுமையுடன் கரையோரம் நடந்து சென்றதைக் கதிரவனுக்கு எதிராக எடுத்தேன். அலுவலக நண்பர்கள் நாட்காட்டிக்கு ஏற்ற படம் என்று புகழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதைப் பற்றி இத்தீவு வாசகர்க்கு நான் எழுத வேண்டியதில்லை. சில நாட்களில் என்னை நிவாரண முகாம் ஒன்றில் பட்டியல் எழுதும் பணிக்கு அனுப்பினர். பெயர், தந்தை பெயர், வயது, தீவு, காணாமற்போனோர். வரிசையில் வந்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, நீங்க கச்சாலுக்கு வந்து படம் புடிச்சவங்கதானே? எங்க வீட்டுக்காரி அன்னைக்குக் கரையிலே நடந்து வந்தா. அந்தப் படம் இருக்குங்களா?"

இருந்தது. ஆனால் அதில் முகம் இல்லை. ஐந்து கரிய உருவங்கள். பின்னே செக்கர் வானம். வேண்டுமென்றே முகங்களை இருட்டாக்கியவன் நான். அவரிடம் வேறு படம் எதுவும் எஞ்சவில்லை என்பதை அவர் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்த பேனாவை என்னால் நகர்த்த முடியவில்லை. "தேடிப் பார்க்கிறேன், பெரியவரே" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின் இரண்டாண்டுகள் காமிராவைத் தொடவில்லை. அந்நாட்களில்தான் போர்ட்மனின் வரலாற்று நூலின் மறுபதிப்பையும் 1896 கட்டுரையையும் படித்தேன். மங்கல் படத்துக்கு இங்கே இடமில்லை என்ற அவர் கருத்து என்னை நோக்கிச் சொல்லப்பட்டதுபோல் இருந்தது.

தமிழர் ஒருவரும் அக்காலத்தில் எனக்குத் துணைவந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தவர். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு பெருங்காமிரா செய்து, அதற்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் இட்டவர். நல்ல கருவி இல்லை என்று நான் சொல்லிவந்த சாக்கு அவரால் ஒழிந்தது.

2007-இல் மீண்டும் தொடங்கினேன். இம்முறை ஒரு நீண்ட பதிவேட்டை முதலில் வாங்கினேன். அலுவலகத்தில் பயன்படுவது போன்ற, கட்டமிட்ட, சிவப்பு முதுகுத் துணிப் பதிவேடு. வரிசை எண், நாள், இடம், பெயர், ஊர், வந்த ஆண்டு, படம் கொடுக்கப்பட்ட நாள், பெற்றவர் கையொப்பம். கலைக்கும் பதிவேட்டுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிரித்தனர். எழுத்தனுக்குத் தெரிந்த கலை அதுதானே! பெயர் கேட்டு எழுதுவதற்குள் கால்மணி நேரம் பேச்சு வளரும். பேச்சுக்கிடையில் எதிரிலிருப்பவர் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார். அப்பொழுதுதான் காமிராவை எடுப்பேன். ஜங்கிளிகாட் துறையில் கிழிந்த வலையைச் சரிசெய்பவர், சாத்தம் மர ஆலையில் ஓய்வுபெற்ற முதியவர் தம் வீட்டு முற்றத்தில் முக்காலி செய்வது, பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் காவடிக்கு மயிற்பீலி கட்டும் கைகள். முக்காலிக்கு மட்டும் பதினேழு படங்கள். பதினேழும் தேவையா என்றால், போர்ட்மனைத்தான் கேட்க வேண்டும். முகம் வேண்டாம் என்பவரை எடுப்பதில்லை. பதிவேட்டில் அவர் பெயர் மட்டும் இருக்கும். அத்தகைய வரிகள் நாற்பதுக்கு மேல் உள்ளன. என் பதிவேட்டில் நான் மிகவும் விரும்பும் வரிகள் அவை.

கச்சால் பெரியவர் முகாமிலிருந்து வேறிடம் சென்றுவிட்டார் என்றனர். 2011-இல்தான் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பில் மகனோடு இருந்தார். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்துடன் அந்தக் கரிய படத்தைப் பெரிதாக்கி எடுத்துச் சென்றேன். அவர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து, வெளிச்சத்தில் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாவது உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான். சுமையை இடக்கையாலே புடிப்பா. வலது தோளிலே வலி அவளுக்கு."

நான் எடுத்தபோது அதைக் கவனிக்கவில்லை. மற்ற நால்வரும் வலக்கையால்தான் பிடித்திருக்கின்றனர். படத்தின் கீழே பெயரை எழுதித் தரும்படி கேட்டார். தமக்கு எழுத வராது என்றார். அவர் சொன்ன பெயரையும், கச்சால் என்ற ஊரையும், 2003 என்ற ஆண்டையும் எழுதினேன். மற்ற நால்வரின் பெயர்களையும் அவரே நினைவிலிருந்து சொன்னார். அவர்களுள் இருவர் உயிருடன் இருப்பதாகவும் சொன்னார். வீடு திரும்பியதும் பதிவேட்டின் முதல் பக்கத்தில், முதல் எண்ணுக்கும் மேலே விட்டிருந்த வெற்றிடத்தில், ஐந்து பெயர்களையும் வரிசையாகப் பதிந்தேன். கையொப்பக் கட்டத்தில் அவருடைய பெருவிரல் ரேகை இருக்கிறது. மறுமுறை சென்றபோது அவரே கேட்டு இட்டது.